விளையாடுவதற்கா ஃபீஸ்?

குழந்தை மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் அளிப்பவர், மதுரையில் குழந்தைகளுக்கான மனநலப் புறநோயாளிகள் பிரிவில் பணிபுரியும் மருத்துவ உளவியலாளர். இந்த இதழில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றிய கேள்விகள் மட்டும்.)

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. எல்.கே.ஜி. வகுப்பில் மற்ற பிள்ளைகளை அடிக்கிறான், கடிக்கிறான். பள்ளியில் சொன்னதால் குழந்தை உளவியலாளர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. பாயை விரித்து என்னையும் கீழே உட்காரவைத்து, "அவனோடு விளையாடுங்கள்" என்றார். முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். "விளையாடுவதற்கா ஃபீஸ்?" என்று கணவர் கேட்கிறார். திரும்பப் போகலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாயில் அவருக்கும் இடம் இருக்கும்.

நான்கரை வயதுப் பிள்ளையை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி, அரை மணி நேரம் கழித்து வந்து, "பேசிவிட்டேன், இனி அடிக்க மாட்டான்" என்று யாராவது சொல்லியிருந்தால்தான் உங்களை யோசிக்கச் சொல்லியிருப்பேன். வாரத்துக்கு ஒரு முறை பார்க்கும் ஒரு 'ஆன்ட்டி'க்காக எந்தக் குழந்தையும் மாறப்போவதில்லை. குளிக்க வைப்பது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நீங்கள்தானே? அதனால்தான் இந்த வயதில் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே உட்காரவைக்கிறோம்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் என்ன பார்த்திருப்பார் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடியும். பையன் ஒரு கட்டையை எடுக்கிறான். அம்மா கேட்கிறார், "இது என்ன கலர்?" "ரெட்." "வெரிகுட். இது?" பதில் இல்லை. "நேற்றுச் சொன்னாயே, மறந்துவிட்டதா?" பையன் இன்னொரு கட்டையை எடுத்து லாரி என்கிறான். "லாரிக்கு எத்தனை சக்கரம்? எண்ணு பார்க்கலாம்." நம் வீடுகளில் விளையாட்டு மூன்றாவது நிமிடத்தில் வாய்மொழித் தேர்வாகிவிடும். ஐந்தாவது நிமிடம் கட்டை பறக்கும். "ஆன்ட்டி பார்க்கிறார்கள், அடி விழும்" என்று மிரட்டல். அவன் அழுவான். அழுகையை நிறுத்த அம்மாவின் கைப்பையிலிருந்து ஃபோன் வெளியே வரும். உங்கள் வீட்டில் தினமும் பல முறை நடப்பது அந்தப் பாயில் ஒரு முறை நடந்தால் போதும், எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அடுத்து அவர் சொல்லித்தரப்போவது அனேகமாக, ஷீலா ஐபெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் உருவாக்கிய முறையாகவோ அதன் சாயல் கொண்டதாகவோ இருக்கும். இரண்டிலிருந்து ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. அங்கே சிகிச்சையாளர் ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, தாயின் காதில் மாட்டிய சிறு கருவி வழியாக அந்தந்த நொடியில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். எங்கள் ஓ.பி.யில் கண்ணாடியும் கிடையாது, காதுக் கருவியும் கிடையாது. மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கிசுகிசுப்பேன். மின்விசிறிச் சத்தத்தில் பாதிதான் கேட்கும். ஆனாலும் நடக்கிறது.

வீட்டில் தினமும் ஐந்து நிமிடம். விளையாட்டை அவன் நடத்த வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, திருத்தக் கூடாது. மாட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்தால் அது பச்சை மாடுதான். வேறென்ன பேசுவது? அவன் செய்வதைச் சொல்லுங்கள்: "நீலக் கட்டைமேல் சிவப்புக் கட்டையை வைக்கிறாய்." அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். அவன் லாரி ஓட்டினால் நீங்களும் பக்கத்தில் ஒரு லாரி ஓட்டுங்கள். பாராட்டும்போது எதற்காக என்று சொல்லுங்கள். "குட் பாய்" அவன் காதில் ஏறாது, "கட்டையை எறியாமல் கீழே வைத்தாயே, நன்றாக இருந்தது" என்றால் ஏறும். சொப்புச் சாமான், மரக்கட்டை, பிசைந்த கோதுமை மாவு, விலங்கு பொம்மைகள் போதும். பரமபதம் வேண்டாம், தோற்றால் ரகளை. பொம்மைத் துப்பாக்கியும் வேண்டாம்.

இது படிந்த பிறகுதான் கண்டிப்புக்கு வருவார்கள். "சட்டை போடலாமா?" என்று கேட்டுவிட்டு, "வேண்டாம்" என்றதும் கோபப்படுவது எந்த ஊர் நியாயம்? போட வேண்டும் என்றால் "சட்டையைப் போடு" என்று ஒரே ஒரு கட்டளை. பிறகு வாயை மூடிக்கொண்டு ஐந்து எண்ணும்வரை பொறுத்திருக்க வேண்டும். தாய்மார்களுக்குக் கஷ்டமான வேலை இந்த ஐந்து எண்ணுவதுதான். மூன்றுக்குள் அடுத்த கட்டளை வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். சில்லறைச் சேட்டைகளுக்குத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகும்போது, முதல் சில வாரங்கள் அடம் அதிகமாகும். இதுவரை வேலை செய்த கத்தல் ஏன் வேலை செய்யவில்லை என்று அவன் இன்னும் உரக்கக் கத்திப் பார்ப்பான். பலர் சிகிச்சையைக் கைவிடுவது அந்த வாரத்தில்தான், கைவிடக் கூடாததும் அந்த வாரத்தில்தான். கடிப்பதும் அடிப்பதும் சில்லறைச் சேட்டையில் சேராது. அதை உடனே தடுத்துக் கையைப் பிடித்து விலக்க வேண்டும். இன்னொன்று, அவன் பேச்சு வயதுக்கேற்ப இருக்கிறதா, காது நன்றாகக் கேட்கிறதா, இரவு ஒழுங்காகத் தூங்குகிறானா என்று கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். "எனக்குக் கொடு" என்று சொல்ல வாய் வராத பிள்ளை கடித்துத்தான் வாங்கும்.

மருந்து பற்றி: பள்ளிப் பருவத்துக்கு முந்தைய வயதில் துறுதுறுப்பு ஒரு நோயாகவே (ஏ.டி.எச்.டி. என்போம்) தெரிந்தாலும், முதலில் பெற்றோருக்கான பயிற்சி, அது போதாவிட்டால்தான் மருந்து என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும். வாரம் தவறாமல் போனால் மூன்று நான்கு மாதங்களில் உங்களுக்கே தெரியும். கணவருக்கு என் பதில் இது: அடுத்த ஐந்து நிமிடத்தைக் கேள்வி கேட்காமல் அவர் விளையாடிக் காட்டட்டும். முடிந்தால் ஃபீஸை நான் தருகிறேன்.

கேள்வி: என் பேத்திக்கு மூன்று வயது. ஒரு வயதிலிருந்து என்னிடம்தான் வளர்கிறாள். மகளும் மருமகனும் துபாயில் வேலை செய்கிறார்கள். நான் கொல்லைப்பக்கம் போனால்கூட அலறுகிறாள். இரவில் எழுந்து அழுகிறாள். வீடியோ காலில் அம்மாவைப் பார்த்தால் ஃபோனைத் தள்ளிவிடுகிறாள், மகள் அங்கே அழுகிறாள். சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார்கள். பெற்றவள் வந்துதான் அழைத்துப் போக வேண்டுமா? தீபாவளிக்குத்தான் வருவாள்.
– 58 வயதுப் பாட்டி, கும்பகோணம் அருகே

பதில்: தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம் அம்மா. குழந்தை யாரைத் தேடி அலறுகிறதோ அவர்தான் எங்களுக்கு முதலில் வேண்டும். அது நீங்கள்.

மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் 1950களின் நடுவில் உகாண்டாவின் கம்பாலா அருகே கிராமத்து வீடுகளுக்குப் போய், குழந்தைகள் யாரிடம் ஒட்டுகின்றன என்று மாதக்கணக்கில் பார்த்தார். குழந்தை நம்புகிற ஆளிடமிருந்து கொஞ்சம் விலகிப்போய் விளையாடும், திரும்பிப் பார்க்கும், பயந்தால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். இன்று எங்கள் ஓ.பி.யில் பார்ப்பதும் அதைத்தான். உங்கள் பேத்தி உங்களிடம் ஒட்டியிருப்பது நல்ல செய்தி. ஒரு வயதில் ஒருநாள் அம்மா காணாமல்போனாள் என்பதுதான் அவள் கணக்கு. துபாய், விசா எல்லாம் அவளுக்குத் தெரியாது. இரண்டாவது ஆளும் கொல்லைப்பக்கம் போய்த் திரும்பாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அலறுகிறாள்.

எனவே கண்ணில் படாமல் நழுவிப் போகாதீர்கள். "பாத்திரம் கழுவப் போகிறேன், வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழுவாள், அழட்டும். திரும்பி வந்ததும் "வந்துவிட்டேன் பார்" என்று சொல்லுங்கள். கதவுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுவதை எத்தனை முறை வேண்டுமானாலும் விளையாடுங்கள். போனவர் வருவார் என்பதை அந்த விளையாட்டு கற்றுக்கொடுக்கிற மாதிரி நம் ஆலோசனை கற்றுக்கொடுப்பதில்லை.

வீடியோ காலைச் சீர்செய்ய வேண்டியவர் உங்கள் மகள். "அம்மாவுக்கு முத்தம் கொடு, பாட்டுப் பாடு, ஏன் பேச மாட்டேன் என்கிறாய்" என்று இரண்டு பக்கமிருந்தும் படுத்தினால் மூன்று வயதுக் குழந்தை தள்ளத்தான் செய்யும். ஃபோனை அலமாரியில் சாய்த்து வையுங்கள். மகள் அங்கே சப்பாத்தி தேய்க்கட்டும், துணி மடிக்கட்டும், தினமும் ஒரே நேரத்தில் ஒரே கதையைச் சொல்லட்டும். குழந்தை வருவாள், போவாள். அம்மாவின் முகம் அவளிடம் எதையும் கேட்காத முகமாகச் சில வாரங்கள் இருக்கட்டும்.

தீபாவளிக்கு வந்ததும் முதல் இரவே மகள் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள். உங்கள் மடியில் குழந்தை, பக்கத்தில் மகள், அப்படித் தொடங்கட்டும். திரும்பிப் போகும்போது நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து, அழுகையைத் தவிர்க்க, பெட்டியோடு சத்தமில்லாமல் கிளம்பிவிடுவது. அன்று இரவு தப்பித்த அழுகை அடுத்த ஆறு மாதம் இரவுதோறும் வரும். விழித்திருக்கும்போது சொல்லி, கட்டிப்பிடித்து, டாட்டா காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்குப் போகும்போது தடுப்பூசி அட்டை, குழந்தையின் ஆதார், பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு சம்மதக் கடிதம் எடுத்துச் செல்லுங்கள். மகளை ஃபோனில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முட்டிவலி இருந்தால் நாற்காலி கேட்கத் தயங்காதீர்கள். பாயில் உட்கார்ந்தால்தான் வைத்தியம் பலிக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கடைசியாக, கடந்த இரண்டு வருடங்களில் நீங்கள் முழு இரவு தூங்கியது எப்போது? அதையும் அங்கே சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் வாய் மூடாமல் பேசுவாள். யு.கே.ஜி. சேர்ந்து ஐந்து மாதமாகப் பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. டாய்லெட் போக வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை. ஆசிரியை "திமிர்" என்கிறார். என் தாயார் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். இதற்கு செலக்டிவ் மியூட்டிசம் என்று பெயர். ஓரிடத்தில் தாராளமாகப் பேசும் குழந்தைக்கு இன்னோரிடத்தில் பேச்சு எழும்பாமல் போவது. பள்ளி சேர்ந்த முதல் மாதத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, அது பழகும் காலம். ஐந்து மாதம் என்பது பார்க்க வேண்டிய விஷயம். இது பதற்றம் சார்ந்தது. பேசக் கூடாது என்று அவள் முடிவெடுக்கவில்லை, தொண்டை அவளுக்குக் கட்டுப்படவில்லை. டாய்லெட்டை அடக்கிக்கொள்கிறாள் என்கிறீர்களே, திமிர் பிடித்த குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமா?

தாயத்து கழுத்தில் கிடக்கட்டும், அதற்காக அம்மாவோடு சண்டை போடாதீர்கள். ஆனால் வேப்பிலை அடி, புகை போடுவது, பயமுறுத்திப் பேசவைப்பது என்று யாராவது தொடங்கினால் அன்றே நிறுத்துங்கள். பயந்துதான் பேச்சே நின்றிருக்கிறது.

முதல் வேலை, "பேசு" என்று சொல்வதை எல்லோரும் நிறுத்துவது. "பேசினால் சாக்லேட்" என்பதும் அதே வகைதான். ஆசிரியையிடம் ஒரு சைகை ஏற்பாடு செய்யுங்கள்: சிவப்பு அட்டையைக் காட்டினால் டாய்லெட். அது இந்த வாரமே நடக்க வேண்டும். பிறகு பள்ளி விட்டதும் காலி வகுப்பறையில் நீங்களும் அவளும் மட்டும் அவளுக்குப் பிடித்த விளையாட்டை விளையாடுங்கள். நான்கு சுவருக்குள் அவள் குரல் வெளியே வரட்டும். சில நாள் கழித்து ஆசிரியை வராந்தாவில் நடந்து போகட்டும். பிறகு கதவருகே உட்கார்ந்து நோட்டுத் திருத்தட்டும், அவளைப் பார்க்காமல். பிறகு உள்ளே, பிறகு விளையாட்டில். ஒவ்வொரு படியிலும் அவள் குரல் நிலைத்த பிறகுதான் அடுத்த படி. என் அறையில் ஒரு சிறுமி முதன்முதலில் பேசியது என்னிடம் இல்லை, மேசைமேல் இருந்த யானை பொம்மையிடம், அதுவும் நான் முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடியபோது. நான் திரும்பவில்லை. பேசியதும் "ஆகா, பேசிவிட்டாயே!" என்று கைதட்டினால் அதோடு தீர்ந்தது.

ஒரு குழந்தை உளவியலாளர் இதை வரிசைப்படுத்தித் தருவார். அவரிடம் வீட்டில் அவள் பேசும் வீடியோ ஒன்றை எடுத்துப் போங்கள். பள்ளி ஒத்துழைக்காவிட்டால் சிகிச்சை பாதிதான் நடக்கும். அடுத்த சந்திப்புக்கு ஆசிரியையையும் அழைக்க முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: இரண்டேகால் வயது மகன் இன்னும் "அம்மா" சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. நாள் முழுக்க ஃபோனில் பாட்டு பார்ப்பான். திரை பார்த்து வரும் "விர்ச்சுவல் ஆட்டிசம்" என்கிறார்கள். ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: நீங்கள் சொல்லும் பெயர் எந்த மருத்துவ வகைப்பாட்டிலும் இல்லை. ஃபோனை எடுத்து வையுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், அதற்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஃபோனை நிறுத்திவிட்டு ஆறு மாதம் "பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். முதலில் செவித்திறன் பரிசோதனை. அதோடு வளர்ச்சி மதிப்பீடு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வளர்ச்சிக் குறைகளைச் சிறு வயதிலேயே கவனிக்கும் தொடக்கநிலை இடையீட்டு மையம் மாவட்டத்துக்கு ஒன்று இருக்க வேண்டும், அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம்.

ஆட்டிசமாகவே இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஓர் ஆய்வு 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. சிறப்பு மருத்துவர்கள் அல்லாத பணியாளர்களே பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, போட்டுக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஈடுகொடுக்கக் கற்றதும், குழந்தைகள் தாமாக முன்வந்து பெற்றோரைத் தேடுவது கூடியது. மாமியாரிடம், நாக்கில் வசம்பு உரசுவதற்குப் பதில் அவனோடு கீழே உட்காரச் சொல்லுங்கள்.

கேள்வி: பெயர், ஊர் வேண்டாம். இரண்டாவது குழந்தை பிறந்து நான்கு மாதம். மூத்தவளுக்கு மூன்று வயது. சாப்பிட மறுத்தால் அடித்துவிடுகிறேன், நேற்றுக் கரண்டியால். பிறகு நானே உட்கார்ந்து அழுகிறேன். என் அம்மாவும் என்னை இப்படித்தான் அடித்தார். சில இரவுகளில் எங்காவது போய்விடலாம் போல இருக்கிறது. நான் குழந்தையை அழைத்துப் போகவா, நான் போகவா?

பதில்: இரண்டு பேரும். ஆனால் முதலில் நீங்கள். இந்த இதழ் உங்கள் கையில் இருக்கும்போதே 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், நள்ளிரவிலும் தமிழில் பேசுவார்கள். "எங்காவது போய்விடலாம்" என்பதற்கு உயிரை விட்டுவிடலாம் என்று பொருள் இருந்தால், அல்லது குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயம் இருந்தால், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் கூடவே இருக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நான்காம் மாதத்திலும் இருக்கும், அதற்குப் பிறகும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் தமிழிலும் உண்டு, நிரப்ப ஐந்து நிமிடம் ஆகும். நீங்கள் பாலூட்டுகிறீர்கள் என்று சொன்னால் அதற்கேற்ற மருந்தையே தருவார்கள். பால் கெட்டுவிடும் என்று பயந்து போகாமல் இருக்காதீர்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 1970களில் அமெரிக்காவின் மிச்சிகனில் செல்மா ஃப்ரைபர்க் என்ற சமூகப் பணியாளர், உங்களைப் போன்ற தாய்மார்களின் வீடுகளுக்கே போய், சமையலறையில் உட்கார்ந்து, கைக்குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். அடிபட்டு வளர்ந்த எல்லோரும் அடிப்பதில்லை என்பதை அவர் கவனித்தார். அடி வாங்கிய அந்த நாளில் தனக்கு எப்படி வலித்தது என்பதை நினைவில் வைத்திருந்து, அதைச் சொல்லி அழ முடிந்த தாய்மார்களின் கை அடங்கியது. நீங்கள் அழுவதை ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள். கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான் சிகிச்சை.

அதுவரை: மூத்தவளுக்குச் சாப்பாடு ஊட்டும் வேலையை இன்றிலிருந்து கணவரோ மாமியாரோ எடுத்துக்கொள்ளட்டும். ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. கை ஓங்கும் நேரம் வந்தால் கைக்குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள், அழுதாலும் பரவாயில்லை. நேற்று நடந்ததற்கு மூத்தவளிடம், "அம்மா அடித்தது தப்பு, உன்மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். மூன்று வயதுக்கு அது புரியும்.

கேள்வி: இதற்கெல்லாம் எங்கே போவது? எவ்வளவு ஆகும்? மனநல ஓ.பி. என்றால் நாளைக்குப் பள்ளியில் சேர்க்கும்போது பிரச்சினை வராதா?
– பலர்

பதில்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணம் இல்லை. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கின்றன. சிக்கலான நிலை என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனித் துறை உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசின் மருத்துவ உதவி எண் 104க்கு அழைத்துக் கேட்கலாம். தனியாரிடம் போனால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். "பத்து அமர்வில் குணம்" என்று முன்பணம் கேட்பவரிடமும் அதேதான்.

சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் உரிமை. நீங்கள் சொல்லாமல் பள்ளிக்குத் தெரியாது.

அரசு ஓ.பி.யில் சீட்டு வாங்கிக் காத்திருக்க நேரமாகும். பிள்ளைக்குப் பழகிய ஒரு பொம்மை, மாற்று உடை, தயிர் சாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பசித்த குழந்தையை வைத்துக்கொண்டு என்னால் எதையும் மதிப்பிட முடியாது.